சுரங்க வாசலில் சாமி இருக்கட்டும், அம்மிணி

திருச்செங்கோடு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வேலை செய்கிற சுரங்க வாசலில் எடுத்து அனுப்பின சிலை போட்டோவை அம்மா பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "வேளாங்கண்ணி மாதாவாட்டமே இருக்குதுங்க" என்றாள். அது புனித பார்பரா, பூமிக்கடியில் வேலை செய்கிறவர்களுக்குக் காவல் தெய்வம், டிசம்பர் 4-ஆம் தேதி அவளுக்குத் திருநாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். கடைசியில் நீ கேட்டிருந்த கேள்வியை மட்டும் படிக்கவில்லை. இத்தனை சென்சார், இத்தனை கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஆஸ்திரியாக்காரனும் சுரங்க வாசலில் மெழுகுவத்தி ஏற்றுகிறானே, இந்த அதிசயத்தையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற ரிக் வண்டி ஓட்டியவனிடம் போய் இதைக் கேட்கிறாயே. லட்சக்கணக்கில் விலை போகிற கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காய் எப்போது எழுந்து நிற்கும் என்று காத்திருக்கிற தொழில் இது. தேங்காய் எழுந்த இடத்தில் ஆயிரம் அடி போயும் வெறும் புகை வந்ததைப் பார்த்திருக்கிறேன். அசையாத இடத்தில் முந்நூறு அடியிலேயே ஊற்று பீறிட்டதையும் பார்த்திருக்கிறேன். அதற்காக எலுமிச்சம்பழம் நசுக்காமல், கற்பூரம் காட்டாமல் ஒரு போராவது ஆரம்பித்தேனா? இல்லை. கற்பூரம் காட்டினபிறகு, பாறையைத் துளைக்கிற பிட்டைச் சரிபார்க்காமல் இறக்கினதும் இல்லை.

அதிசயம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிலி நாட்டு சான் ஹோசே சுரங்கம். 2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, அட்டகாமா பாலைவனத்தில் கொப்பியப்போ ஊருக்குப் பக்கத்தில் தாமிரமும் தங்கமும் எடுக்கிற அந்தச் சுரங்கம் சரிந்தது. உள்ளே 33 பேர். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்காது. நான் தினமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். காரணம், அது எங்கள் தொழில்காரர்கள் செய்த மீட்பு. ரிக்குகளைக் கொண்டுவந்து நிறுத்தி, மலைமேல் இருந்து போர் போட்டுத்தான் அவர்களைத் தேடினார்கள்.

எவ்வளவு ஆழம் தெரியுமா? 688 மீட்டர். பிட்டுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி இறக்குகிற நம்ம இருபதடி இரும்பு ராடு கணக்கில் 113 ராடு. அவ்வளவு கீழே, 50 சதுர மீட்டர் இருக்கும் ஒரு பாதுகாப்பு அறையை, சாண் அகலம்கூட இல்லாத துளையால் தொடவேண்டும். பாறையில் போகப்போக ராடு எந்தப் பக்கம் சாயும் என்று எவனாலும் சத்தியம் பண்ண முடியாது. போதாததற்கு, கையில் இருந்த சுரங்க வரைபடமும் சரியில்லை. ஒரு துளை அந்த ஆழத்தையும் தாண்டிப் போய்விட்டது, ஆள் சிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கிட்ட வருகிறது, வருகிறது, பிறகு விலகிப் போகிறது. அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு சின்னக் கரண்டி டியூனா மீனும் ஒரு மடக்குப் பாலும் ஒரு பிஸ்கட்டுமாக இருந்தார்கள். ஹோசே என்ரிக்கேஸ் என்ற தொழிலாளி தினமும் அவர்களைக் கூட்டி வைத்து ஜெபம் நடத்தினார்.

17-ஆம் நாள், ஆகஸ்ட் 22 விடியற்காலையில், பிட்டு அவர்கள் இருந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஓடிவந்து இரும்பால் ராடைத் தட்டினார்கள், சிவப்புப் பெயின்ட் பூசினார்கள், சீட்டு எழுதிக் கட்டினார்கள். அந்தத் தட்டல் 2,200 அடிக்கு மேல் ஏறி, டிரில்லர் காதுக்கு வந்தது. அம்மிணி, ராடில் கை வைத்துக் கீழே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கிறதுதான் எங்கள் வித்தை. மண்ணா, கல்லா, பொந்தா, தண்ணியா என்று கை சொல்லிவிடும். கீழே மனுஷன் இருக்கிறான் என்று எங்களில் எவன் கைக்கும் இதுவரை தெரிந்ததில்லை. அந்த டிரில்லரை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும். ராடை மேலே எடுத்தபோது வந்த சீட்டில், 33 பேரும் நலமாக இருக்கிறோம் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

பிறகு அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் சாப்பாடு, மருந்து, கடிதம் எல்லாம் குழாயில் இறங்கின. அந்தக் குழாய்க்கு 'புறா' என்று பேர் வைத்தார்கள். ஆளைத் தூக்குகிற பெரிய துளைக்கு மூன்று திட்டம் போட்டு, மூன்று இயந்திரத்தையும் ஒரே சமயத்தில் ஓட்டினார்கள். கிறிஸ்துமஸ் ஆகிவிடும் என்றார்கள். நடுவில் பாறையை இடிக்கிற ஹேமர் ஒரு இரும்புக்கம்பியில் மோதி உடைந்து, துண்டு குழிக்குள்ளேயே சிக்கி, எடுக்க நாள்கணக்கில் ஆனது. பிட்டு விழுந்த குழி முன்னால் நிற்கிறவன் வேதனை உனக்குத் தெரியாது, உன் அம்மாவைக் கேள். அப்படியும் அக்டோபர் 9-ஆம் தேதி துளை போய்ச் சேர்ந்தது. 13-ஆம் தேதி ராத்திரிக்குள் 33 பேரும் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி வந்துவிட்டார்கள். ஷிப்ட் தலைவர் லூயிஸ் உர்சுவா கடைசி ஆளாக வந்தார். அவர்களில் பலர் போட்டிருந்த சட்டையில் முன்னால் ஆண்டவருக்கு நன்றி, முதுகில் பூமியின் ஆழங்கள் அவர் கையில் என்கிற பைபிள் சங்கீத வரி. 13, 10, 10 என்று அன்றைய தேதியைக் கூட்டினால் 33 வருகிறது என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. நம்ம ஊர் ஜோசியக்காரர்கள் தோற்றார்கள் போ.

இதில் சாமி பங்கு எவ்வளவு, மெஷின் பங்கு எவ்வளவு என்று என்னைப் பிரித்துக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஜெபம் இல்லாவிட்டால் 17 நாள் அந்தப் பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்றிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஒருத்தன் டப்பாவை உடைத்திருந்தால் முடிந்தது கதை. ஜெபம் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் யாராவது அதிசயம் என்று கொண்டாடினால், அதற்கு முன்னால் நடக்காமல் போன வேலை எது என்று என் புத்தி தேடிப் போய்விடுகிறது. அந்த 33 பேரும் முதலில் காற்றுப்போக்குத் துளை வழியாக ஏறித் தப்பப் பார்த்தார்கள். அதில் வைத்திருக்கவேண்டிய ஏணி முழுசாக இல்லை. ஏணி இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குக்கூடத் தெரிந்திருக்காது. விசாரணை நடந்து, 2013-இல் யார்மேலும் வழக்கில்லை என்று முடித்துவிட்டார்கள். உலகம் முழுக்க அந்தக் கூண்டைத்தான் பார்த்தது.

நம்ம நாட்டு சில்க்யாராவும் அப்படித்தான். 2023 தீபாவளி அன்று உத்தரகாண்டில் கட்டிக்கொண்டிருந்த சாலைச் சுரங்கம் சரிந்து 41 பேர் மாட்டினார்கள். அங்கேயும் 17 நாள். ஊர்க்காரர்கள், பௌக்நாக் சாமி கோயிலை எடுத்ததால் வந்த கோபம் என்றார்கள். வாசலிலேயே சின்னதாய் ஒரு கோயில் வைத்தார்கள். அப்போது சர்வதேசச் சுரங்கச் சங்கத் தலைவராக இருந்த ஆர்னால்ட் டிக்ஸ் அதன் முன்னால் உட்கார்ந்து கும்பிட்டார். துளை போட்டுக்கொண்டிருந்த ஆகர் மெஷின் உடைந்து போக, கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரை, எலி வளை மாதிரி குறுகலாகத் தோண்டிப் பழகின எலிவளைச் சுரங்கத் தொழிலாளிகள் கையால் தோண்டி முடித்தார்கள். அந்த எலிவளை முறையில் மேகாலயாவில் நிலக்கரி எடுப்பதை 2014-லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருந்தது என்பதை நினைத்துக்கொள். இன்னொன்று: 2018-இல் அந்தச் சுரங்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோதே தப்பிக்கும் வழியோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சரிந்த அன்று அந்த வழி இல்லை.

அதற்கு முன்னால் 2019-இல், அதுவும் தீபாவளி நேரம், மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போர்க்குழியில் இரண்டு வயதுப் பிள்ளை விழுந்தது. கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாவற்றிலும் வேண்டினார்கள். பெரிய பெரிய ரிக் வந்து பக்கத்தில் குழி தோண்டியது. கடும்பாறை. பிள்ளை பிழைக்கவில்லை. அங்கே பக்தி குறைவா, மெஷின் குறைவா? கைவிட்ட போரை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. மூடி இல்லை. அந்த வாரம் நம்ம ஊர் ரிக் பட்டறைகளில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதனால், நம்புகிறீர்களா என்று நீ கேட்டதற்கு ஆமாம் என்றே வைத்துக்கொள். பார்பராவுக்கு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னால் ஏற்று, கூச்சப்படாதே. அம்மா உனக்காக மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அதையும் தடுக்காதே.

நீ வேலை செய்கிற சுரங்கத்தில் வெளியேறும் குறுக்குவழி எத்தனை மீட்டருக்கு ஒன்று என்று எனக்கு எழுது. டிராயிங்கில் இருக்கிறது என்று எழுதாதே. ஒரு நாள் வேலை முடிந்ததும் நீயே நடந்துபோய், கதவைத் தள்ளித் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா