கிளை நூலகங்களில் ஒரு டிஷ் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமங்கலத்தில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பற்றி விசாரிக்க வருகிறவர்கள், "அதில் தமிழ் சேனல் அதிகம் வராதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சீரியலுக்கும் சினிமாவுக்கும் அது சரிதான். ஆனால் அதே டிஷ்ஷில், மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல், மத்திய கல்வி அமைச்சகத்தின் ஸ்வயம் பிரபா பாடச் சேனல்கள் வருகின்றன. 2017-ல் 32 சேனல்களோடு தொடங்கியவை. பொறியியல், கணிதம், ஐஐடி நுழைவுத் தேர்வு என்று ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

புதுப் பாடம் தினம் 4 மணி நேரம். அதையே மேலும் 5 முறை மறு ஒளிபரப்பு செய்கிறார்கள். அப்படியும் ஒரே டிவி உள்ள வீட்டில் பிள்ளைகளுக்கு நேரம் வாய்ப்பதில்லை. என் அண்ணன் மகள் பொறியியல் மாணவி. காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்புவாள். அவளுக்காகக் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் டிஷ் சிக்னலை வாங்கிப் பதிவு செய்ய உதவும் ஒரு டிவிபி-எஸ்2 ட்யூனர் கார்டு போட்டேன். (பழைய 'டிவி ட்யூனர்' கார்டு என்று மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிட வேண்டாம். அவை பெரும்பாலும் பழைய அனலாக் சிக்னலுக்கானவை; டிஜிட்டலான இதற்கு உதவாது.) மென்பொருள்கள்: கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ், பாடத்தைப் பதிய டிவிஹெட்எண்ட், டிவியில் காட்ட 'கோடி' (Kodi). மூன்றுமே இலவசம். டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி கருவிக்கான அமைப்பில் 9750, 10600 என்று அலைவரிசை எண்களைக் கொடுத்தால் போதும்.

இந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது. நம் பகுதியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, கிழக்கை ஒட்டி, சுமார் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கிறது. அதனால் பக்கத்து மாடியோ தென்னையோ மறைப்பது அபூர்வம். ஐப்பசி மழை அடித்துப் பெய்தால் மட்டும் படம் போய்விடும். இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

வருகிற சிக்னலை மாற்றாமல் அப்படியே டிஸ்க்கில் எழுதுவதால் பழைய பிராசஸரே தாங்குகிறது. ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளின் ஒரே அலைவரிசைப் பாதையில், வரும் பல சேனல்களை ஒரே கார்டில் ஒரே நேரத்தில் பதிய முடியும். இரவு, "சித்தப்பா, அந்தக் கணக்கை இன்னொரு தடவை போடுங்க" என்று அவள் கேட்கும்போது எனக்கு ஏற்படும் நிறைவு சாதாரணமானதல்ல.

இணையத்திலேயே இந்தப் பாடங்கள் கிடைக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கின்றன. ஆனால் வீட்டில் ஒரே செல்போன், அதில் நாளுக்கு ஒன்றரை ஜிபி என்றால் இரண்டு பாடம் பார்ப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். டிஷ்ஷில் அந்தக் கணக்கே கிடையாது.

இந்த வசதி கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் ஏன் இருக்கக் கூடாது? வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மதுரை நத்தம் சாலையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது, பெருமையாக இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை தினமும் அங்கே வந்து போக முடியுமா? அந்தந்த ஊர் நூலகத்தில் ஒரு டிஷ், ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஹெட்போன் இருந்தால் போதும். பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால், யுஎஸ்பி ட்யூனர் செருகி அதையே பயன்படுத்தலாம். பதிந்து வைத்துக் காட்டுவதற்கான அனுமதியை நூலகத் துறையே மொத்தமாகக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

டிடி ஃப்ரீ டிஷ்ஷை நடத்தும் பிரசார் பாரதிக்கும் ஒரு வேண்டுகோள். பாடச் சேனல்களை எக்காரணம் கொண்டும் சிக்னலைக் குறியாக்கம் செய்து பூட்டிவிடாதீர்கள். பூட்டினால் குறிப்பிட்ட பெட்டியில் மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டரில் பதியும் வழி அடைபட்டுவிடும்.

எங்கள் ஊர் நூலகத்துக்கு டிஷ்ஷைத் திருப்பி வைத்து, மென்பொருள் போட்டு, நூலகருக்குச் சொல்லிக் கொடுக்க நான் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.