அந்தப் பதிவுகளை யாருக்கும் அனுப்பாதே

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை. அண்ணனுக்கு வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது, மற்றதை அவனே சொல்வான்.

"மேனேஜர் பேசுறதெல்லாம் என் போன்ல இருக்குப்பா, பார்த்துக்கலாம்" என்று போனில் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். அவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்கிறாய் என்றுதானே அர்த்தம்? அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நீ டெக்சாஸில் இருந்தவரை அப்படிப் பதிவு செய்வது சரி. பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அந்த ஒருவர் நீயாகவே இருக்கலாம். அமெரிக்க மத்திய சட்டமும் அப்படித்தான். இப்போது நீ இருக்கும் கலிபோர்னியா வேறு. அங்கே தண்டனைச் சட்டத்தின் 632-ஆம் பிரிவுப்படி, அந்தரங்கமான பேச்சைப் பதிவு செய்ய எல்லாருடைய சம்மதமும் வேண்டும். மீறினால் 2,500 டாலர் வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு. அதுபோக அந்த மேனேஜரே உன்மேல் வழக்குப் போட்டு ஒரு மீறலுக்கு 5,000 டாலர் கேட்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு இருவர் பேசுவதை அந்தரங்கம் என்றுதானே சொல்வார்கள்? தப்பு செய்தவர் வாதியாக நிற்க, நீ பதில் சொல்லிக்கொண்டு நிற்பதா? என்னால் பொறுக்க முடியவில்லை.

லஞ்சம், மிரட்டிப் பணம் பறிப்பது, வன்முறை மாதிரியான குற்றங்களுக்கு ஆதாரம் திரட்ட விலக்கு உண்டு. அவர் பேசுவது அதில் சேருமா என்று நீ சொன்னால்தானே தெரியும்? இங்கே இந்தியாவில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்றிருக்கிறது. அதை வைத்து அங்கே கணக்குப் போடாதே.

இனிமேல் பதிவு செய்யாதே. இருப்பதை அழித்தும் விடாதே, ஆதாரத்தை அழித்தாய் என்ற பழி வேறு வரும். தோழிக்குக்கூட அனுப்பாதே. மற்றவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய போனை ஓடவிட்டு நீ அறையை விட்டு வெளியே போவது டெக்சாஸிலும் குற்றம்தான். முதலில் வேலை தொடர்பான வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் போ.

அதுவரை, அவர் பேசிய அன்றே தேதி, நேரம், கூட இருந்தவர்கள், அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வை. முடிந்தால் "இன்று நீங்கள் சொன்னது இதுதானே" என்று அவருக்கே மெயில் போடு. பள்ளியிலிருந்தே டைரி எழுதுகிறவள் நீ. பெரியப்பா விஷயத்தில் உன் டைரிதானே நம் எல்லாரையும் காப்பாற்றியது! அவ்வளவு விவரமான பெண்ணுக்கு எங்களிடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை?

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வக்கீல் ஃபீஸைப் பற்றி யோசிக்காதே, நான் அனுப்புகிறேன். வேலையை விட வேண்டும் என்றாலும் விடு. அவர் என்னதான் சொன்னார் என்று எனக்கு எழுது, போனில் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. பதிவு மட்டும் வேண்டாம்.

அப்பா