இம்போர்ட் பண்ணதுல அழிஞ்சு போன எங்க டோனர் விவரங்களைத் திருப்பிக் கொடுங்க: புகார்

வணக்கம் சார் / மேடம்,

எங்க டிரஸ்ட்ல நன்கொடை குடுக்கிறவங்க விவரம் எல்லாம் பாத்துக்கிறது நான்தான். ஆறு மாசமா உங்க சாஃப்ட்வேர்தான் யூஸ் பண்றோம். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு இம்போர்ட் பண்ணேன் (வெளிய இருந்த ஒரு லிஸ்ட்ட மொத்தமா உள்ள ஏத்தினேன்), அன்னையிலிருந்து நிம்மதி போச்சு. உங்க சப்போர்ட்டுக்கு மூணு டிக்கெட் (புகார்) போட்டுட்டேன், மூணுக்கும் "உங்க ஃபைல் ஃபார்மட்ட செக் பண்ணுங்க"ன்னு ஒரே பதில்தான் வருது, நான் எழுதினத யாரும் படிச்ச மாதிரியே தெரியல, அதான் நேரா உங்க மேனேஜ்மென்ட்டுக்கே எழுதுறேன்.

நாங்க தனியா ஒரு ஆன்லைன் ஃபார்ம் வச்சு வாங்கின நன்கொடை, லிஸ்ட்ல ஆயிரத்துச் சொச்சம் வரி. அத சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டுப் பிரிச்ச சாதா எழுத்து ஃபைல்) எடுத்து உள்ள ஏத்தினேன். ஃபைல்ல பேரு, ஈமெயில், போன், தொகை, தேதி இருந்துச்சு, உங்க டெம்ப்ளேட்ல இருக்கிற மத்த கட்டம் எல்லாம் காலி. முடிஞ்சதும் பச்சை டிக் போட்டு "வெற்றிகரமா முடிஞ்சது"ன்னு வந்துச்சு, நானும் நம்பிட்டேன்.

மறுநாள் காலையில ஒரு அம்மா போன் பண்ணாங்க. வருஷா வருஷம் அவங்க வீட்டுக்காரர் நினைவா நன்கொடை குடுக்கிறவங்க. கோவமே படல, மெதுவாதான் கேட்டாங்க: "அவர் பேருக்கு நன்றி சொல்லி மெயில் வந்திருக்கேம்மா, யாராவது அவர் பேர்ல பணம் கட்டினாங்களா?" எனக்குப் பேச்சே வரல. அவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு, அவர் ரெக்கார்டுல 'இறந்தவர்'னு குறிப்பு போட்டதே நான்தான்.

சிஸ்டத்த திறந்து அந்தம்மாவோட அந்த ஒரு வரிய மட்டும் பின்னாடியே துரத்திப் பாத்தேன், உங்க டூல்ல என்னென்ன கோளாறோ எல்லாமே அந்த ஒரே வரியில இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஈமெயில் ஒண்ணுதான். உங்க டூல் ஆள அடையாளம் பாக்கிறது ஈமெயில வச்சு மட்டும், பேர ஒத்துப் பாக்கவே இல்ல, அதனால அந்தம்மா குடுத்த பணம் அவர் ரெக்கார்டுல போய் உக்காந்துருச்சு. அடுத்தது, என் ஃபைல்ல அந்தக் கட்டம் காலியா இருந்ததால 'இறந்தவர்'ங்கிற குறிப்ப அழிச்சிட்டு அங்க காலிய வச்சிருச்சு. குறிப்பு போனதும் அவர் உயிரோட இருக்கிறவர்னு ஆயிடுச்சு, உடனே தானா நன்றி மெயிலும் கிளம்பிருச்சு. இம்போர்ட் நடக்கும்போது மெயில் போகும்னு எந்த ஸ்கிரீன்லயும் ஒரு வார்த்தை இல்ல சார். பழைய நன்கொடைய ஏத்துற வேலையில மெயில் முதல்லயே ஆஃப் ஆகி இருக்கணும், வேணும்னா நாங்க ஆன் பண்ணிக்கிறோம்.

காலியா இருக்கிற கட்டத்துக்கு 'அழி'ன்னு அர்த்தம் எடுத்தது யாரு முடிவுன்னு எனக்குத் தெரியணும். காலின்னா 'எனக்குத் தெரியாது, இருக்கிறத அப்படியே விடு'ன்னுதான் எடுத்துக்கணும். இதே மாதிரி "எனக்கு மெயில் அனுப்பாதீங்க", "என் பேர வெளிய போடாதீங்க"ன்னு கேட்டவங்க குறிப்பும் போயிருக்கு. பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டா அது அவருக்கு நாங்க குடுத்த வாக்கு.

உங்க கைடுல "முதல் 20 வரிய மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணுங்க"ன்னு இருக்கு. அப்படியேதான் பண்ணேன். முதல் 20 பேரும் புதுசா வந்தவங்க, சிஸ்டத்துல ஏற்கெனவே இல்லாதவங்க, அப்புறம் எப்படி தப்பு வெளிய தெரியும்? டெஸ்ட்டுக்கு எடுக்க வேண்டியதே வம்பான வரிகள்தான், ஒரே ஈமெயில் வச்சிருக்கிற குடும்பம், ஒத்தப் பேரு மட்டும் உள்ளவங்க, கம்பெனி பேர்ல குடுத்தவங்க, ஒருத்தர் நினைவா குடுத்தது, பழைய ரெக்கார்டுல குறிப்பு இருக்கிறவங்க, இப்படிப் பொறுக்கி எடுத்து போட்டுப் பாக்கணும். இத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், உங்க கைடுல முதல் பக்கத்துலயே இருந்திருக்கணும்.

தேதி கதை வேற. எங்க ஃபைல்ல நாள் முதல்ல, மாசம் அடுத்தது. உங்க டூல் மாசத்த முதல்ல எடுத்துக்கிச்சு. 03/07ன்னா எங்களுக்கு ஜூலை 3, உள்ள போனது மார்ச் 7. 12ஆம் தேதிக்கு மேல உள்ளதெல்லாம் எரர்னு வெளிய தள்ளிருச்சு, அத வச்சுதான் கண்டே பிடிச்சேன், ஆனா 12ஆம் தேதி வரைக்கும் உள்ளது எல்லாம் சத்தமே இல்லாம மாறி உக்காந்திருக்கு. அந்தத் தேதியோட ரசீதும் போயிருக்கு, ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது? எந்த ஃபார்மட்னு ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் ஏத்தினா என்ன குறைஞ்சு போகும்?

எங்க பக்கம் தப்பே இல்லன்னு சொல்லல. போன் நம்பர் முன்னாடி இருந்த சைபர எக்செல்தான் தின்னுச்சு, தமிழ்ல இருந்த பேரு எல்லாம் கேள்விக்குறியா மாறினது ஃபைல யூடிஎஃப்-8ல (தமிழ் எழுத்தும் கெடாம வச்சுக்கிற முறை) சேவ் பண்ணாததால. அது என் கவனக்குறைவு, ராத்திரி உக்காந்து நானே சரி பண்ணிட்டேன். மேல சொன்னது அப்படி இல்ல, அதெல்லாம் உங்க டூல் செஞ்சது.

அந்தப் பச்சை டிக் பத்தியும் சொல்லணும். ஃபைல்ல எத்தனை வரி, உள்ள போனது எத்தனை, மொத்தத் தொகை அங்க எவ்வளவு இங்க எவ்வளவு, இந்த நாலு நம்பர பக்கத்துல பக்கத்துல காட்டினா யாரும் ஏமாற மாட்டாங்க. நான் கால்குலேட்டர் வச்சு கூட்டிப் பாத்ததுக்கு அப்புறம்தான் தொகை உதைக்குதுன்னே தெரிஞ்சுது. 2020ல இங்கிலாந்துல கொரோனா கேஸ் கிட்டத்தட்ட 16,000 கணக்குல வராம விட்டுப் போனதும் இப்படித்தான், பழைய எக்செல் ஃபைல் 65,536 வரிக்கு மேல பிடிக்காது, மிச்சம் சொல்லாம கொள்ளாம விழுந்துருச்சு. எண்ணிக்கைய ஒத்துப் பாக்காம 'முடிஞ்சது'ன்னு சொல்றது எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

சரி, தப்பாயிடுச்சு, பழைய நிலைக்கு திருப்பலாம்னு பாத்தா அதுக்கு வழியே இல்ல. "ஒவ்வொரு ரெக்கார்டா திறந்து டெலிட் பண்ணுங்க"ன்னு உங்க ஆளு சொல்றார். ஆயிரம் வரி, அதுல எது பழசு எது புதுசுன்னே தெரியாம கலந்து கெடக்கு. ஒரு தடவ ஏத்தினத ஒரே தொகுப்பா வச்சு அப்படியே வெளிய எடுக்கிற வசதி இல்லாம இம்போர்ட்னு ஒரு பட்டன் வைக்கவே கூடாது. இம்போர்ட்டுக்கு முன்னாடி நான் உள்ள இருந்தத எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி எடுத்து வச்சேன், ஆனா அதுல பேரும் அட்ரஸும்தான் வந்திருக்கு, இந்தக் குறிப்பு எதுவும் வரல, அதுவும் இப்பதான் தெரியுது.

எனக்கு உடனே வேண்டியது, இம்போர்ட்டுக்கு முந்தின நாள் உங்க சர்வர்ல இருக்கிற எங்க பேக்கப், குறிப்பெல்லாம் சேத்து. ஒரு வாரத்துக்குள்ள வேணும், அது வர்ற வரைக்கும் எங்க அக்கவுண்ட்ல இருந்து தானா போற மெயில் எல்லாத்தையும் உங்க பக்கத்துலயே நிறுத்தி வைங்க. காலி கட்டம், ஈமெயில் மேட்ச், தேதி, இம்போர்ட்ட திருப்புற வசதி, இது நாலையும் எப்ப சரி பண்றீங்கன்னு எழுத்துல பதில் வேணும். முடியாதுன்னா எங்க டேட்டா முழுசையும் குடுத்துட்டு மீதி மாசத்துக்கான பணத்தத் திருப்பிருங்க.

அந்தம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுட்டேன், அவர் ரெக்கார்டுல அந்தக் குறிப்பையும் கையாலயே திரும்பப் போட்டுட்டேன். இன்னும் எத்தன பேர் குறிப்பு அழிஞ்சிருக்குன்னு உங்க பேக்கப் கைக்கு வந்தாதான் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்