அறுபத்திரண்டு படங்கள்

மண்டபம்
19 ஜனவரி 2026

பாப்பாவுக்கு,

36 வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். பெயர் போட்டு எழுதிப் பார்த்தேன், பாங்கியிலிருந்து வந்த கடிதம் போல இருந்தது. அதனால் பாப்பாவே இருக்கட்டும்.

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். தைலம் மாறியிருக்கிறது, வலி மாறவில்லை. மாடி வீட்டுப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மற்ற செய்திகளைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் கார். கடல் மேல் போகும் சாலையில் வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. இரவில் ஓட்டக் கூடாது. பயணம்தான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு என்று கேட்பாய். அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் முன்கூட்டியே எழுதியிருப்பேன். நீங்கள் மயாமியில் போய் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதுவும் குடும்பக் குழுவில் வந்த படத்தைப் பார்த்து உன் சித்தி போன் செய்து சொன்ன பிறகு. போகட்டும்.

மின்னசோட்டாவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் கிடப்பவர்கள் ஜனவரியில் வெயிலைத் தேடிப் போவது நல்லதுதான். அங்கே அப்படித் தெற்கே இறங்குகிறவர்களுக்குப் பனிப்பறவைகள் என்றே பெயர் உண்டாமே. புயல் காலமும் நவம்பரோடு முடிந்துவிடுகிறது. காலம் பார்த்துத்தான் போயிருக்கிறாய். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படங்கள் 62. அம்மா ஒரு முறை பார்த்தாள். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். 34 வருடம் ஸ்லீப்பர் கட்டையையும் போல்ட்டையும் எண்ணிக்கொண்டு நடந்தவன். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியதும் கண் எண்ணுவதை நிறுத்திவிடுமா?

ஃபிளாரிடாவின் தென்கோடித் தீவு கீ வெஸ்ட் என்றதும் அம்மா சாவித் தீவா என்று கேட்டாள். இல்லை, ஸ்பானிய மொழியில் காயோ என்றால் சிறு தீவு, அது இங்கிலீஷ்காரன் வாயில் கீ ஆகிவிட்டது என்றேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். அந்தப் பாதையைப் பற்றி நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது 41 வருடமாக என்னோடு குடித்தனம் செய்பவளுக்குத் தெரியாது. சொன்னதில்லை.

நீ கார் ஓட்டிப் போனது சாலையாக இருக்கலாம். எனக்கு அது ரயில் பாதை. ஃபிளாக்லர் என்ற பணக்காரக் கிழவர் 1905இல் வேலையை ஆரம்பித்தார். ஊரே பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தது. 1912 ஜனவரி 22ஆம் தேதி, 82 வயதில், முதல் ரயிலில் உட்கார்ந்து கீ வெஸ்ட்டில் போய் இறங்கினார். அடுத்த வருடம் இறந்துபோனார். நம் பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அவர்களுடையது நமக்கு இரண்டு வயது மூத்தது. வரும் வியாழக்கிழமையோடு 114 வருடம். அந்தத் தடத்தில் என் மகள் கார் ஓட்டிப் போயிருக்கிறாள் என்று ஸ்டேஷன் டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன். 181 கிலோமீட்டர், 42 பாலம் என்றதும் ஒருவர், நம்ம பாப்பாவா, சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு முள்செடியில் விழுந்தவளா என்று கேட்டார். அவளேதான் என்றேன்.

ஏழு மைல் பாலத்தில் நீ எடுத்த படம் 31ஆவது. பக்கத்திலேயே பழைய பாலம் நிற்கிறது, பார்த்தாயா? ரயில் போன பிறகு அதே தண்டவாளத்தைப் பிடுங்கிச் சாலையோரத் தடுப்பாக நட்டு வைத்தார்கள். எல்லாம் ஓடி முடித்துவிட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் என்னைப் போல. பாஹியா ஹோண்டாவில் கூண்டுப் பாலத்துக்குள்ளே இரண்டு வண்டி எதிரெதிரே போக இடம் போதவில்லை என்று கூண்டின் தலை மேலேயே சாலையைப் போட்டார்கள். அதை நீ எடுக்கவில்லை. காரை நிறுத்தி ஒரு படம் எடுத்திருக்கலாம். நீ நிறுத்தவில்லையா, நிறுத்தச் சொல்ல யாரும் இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படத்தில் நீங்கள் இருவரும் வெள்ளைக் கார் முன்னால் நிற்கிறீர்கள். மாப்பிள்ளை புதுத் தொப்பி போட்டிருக்கிறார். ஒன்பதாவது படம் வரை தொப்பி தெரிகிறது. கீ லார்கோவில் படகுத்துறைப் படியில் உட்கார்ந்திருக்கிறார், முகம் கடலைப் பார்த்து இருக்கிறது. அதற்குப் பிறகு தொப்பி இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மிச்சம் 53 படம்.

அவர்தானே படம் எடுக்கிறார், எடுப்பவர் எப்படிப் படத்தில் விழுவார் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அப்புறம் 44ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீ வெஸ்ட்டில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பூசிய அந்தப் பெரிய மிதவைக் கட்டையின் முன், கியூபாவுக்கு 90 மைல் என்று எழுதியிருக்கும் இடத்தில், நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். வலது பக்கக் கீழ் மூலையில் எடுத்தவரின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. நகத்தில் ரோஸ் நிறச் சாயம், ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. வரிசையில் உனக்குப் பின்னால் நின்ற எவளோ ஒரு புண்ணியவதி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை எடுத்த படத்தில் விரல் விழுந்து நான் பார்த்ததில்லை. உன் கல்யாண ஆல்பத்தையே மூன்று முறை திருத்தி அச்சடிக்க வைத்தவர்.

47ஆவது படம், எலுமிச்சைப் பணியாரமோ கேக்கோ. ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி. சரி, அவருக்கு இனிப்பு ஆகாது.

வீடியோ ஒன்று அனுப்பியிருந்தாய், ஃபிளமிங்கோ படகுத்துறையில் கடல்பசு மூச்சு விட மேலே வருவது. நம் ஆவுளியாவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கிறது. வால் மட்டும் வேறு, துடுப்பு மாதிரி வட்டமாக. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது இங்கே கரை ஒதுங்கிய ஆவுளியாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. வீடியோவில் உன் குரல் கேட்கிறது. "அப்பா, பாருங்கள், அப்பா, இதோ வருகிறது" என்கிறாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரவு படுத்த பிறகு யோசித்தேன். கூட நிற்பவரிடம் பாருங்கள் என்று சொல்லாமல், பூமியின் அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த என்னிடம் ஏன் சொன்னாள்?

பொங்கலன்று காலை 8 மணிக்குப் பேசினாய். அங்கே அப்போது முந்தைய இரவு ஒன்பதரை. மாப்பிள்ளையிடம் கொடு, வாழ்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தூங்குகிறார் என்றாய். இரவு ஒரு மணிக்கு முன்னால் படுக்காத மனிதர். வண்டி ஓட்டிய களைப்பாக இருக்கும் என்று நானே உனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தேன். ஆமாம் என்றாய். 31ஆவது படத்தில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் உன் முகம் தெரிகிறது. பக்கத்து இருக்கையில் கைப்பை இருக்கிறது. ஓடும் வண்டியில் ஒரு கையால் படம் எடுத்திருக்கிறாய், அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும்.

நான் எதையும் கேட்கவில்லை. உன் வாழ்க்கை, உன் வீடு. நல்ல இடத்தில் கொடுத்தோம் என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான். இன்றும் சொல்கிறேன், அவர் நல்ல பிள்ளைதான். நீயும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மூன்று நாளுக்கு இறக்க மாட்டாய். அந்தக் குணம் உன் அம்மாவுடையது இல்லை.

பாலத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 1935 செப்டம்பரில் அங்கே பெரும் புயல். இஸ்லமொராடாவில் சாலை வேலை செய்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களைக் கூட்டி வர மயாமியிலிருந்து ஒரு ரயிலை அனுப்பினார்கள். தாமதமாகக் கிளம்பிய ரயில். கடல் எழும்பி வந்து பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டது, எஞ்சின் மட்டும் தடத்தில் நின்றது. நீ 22ஆவது படத்தில் நிற்கிறாயே, காற்றில் சாயும் தென்னை செதுக்கிய கல், அது அவர்களுக்காக வைத்தது. தெரிந்துதான் நின்றாயா? 1964 டிசம்பரில் நம் பக்கம் என்ன நடந்தது என்று தாத்தா சொல்லி நீ நூறு முறை கேட்டிருக்கிறாய். நம் ஆட்கள் பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள், தனுஷ்கோடிப் பாதையை மணலுக்கு விட்டுவிட்டார்கள். அவர்கள் ரயிலை விட்டுவிட்டு, அதே தூண்களின் மேல் 1938இல் சாலையைப் போட்டார்கள். இதில் உனக்கு எந்த உள்குத்தும் இல்லை. நான் பாலத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது ஐந்து மாதம் மானாமதுரைப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அம்மாச்சிக்கு உடம்பு சரியில்லை, அம்மா பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று சொல்லியிருந்தோம். அம்மாச்சி அப்போது கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். உன் அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டு போனாள். மூன்று வருடமாகக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ் இருந்தது, டிக்கெட் செலவுகூட இல்லை. மழைக்கால ரோந்து, ஆள் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று சொன்னேன். நான்காவது வருடம் கேட்டபோது கேங்மேன்கள் எதிரில் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள்.

அந்த ஐந்து மாதத்தில் வேலை விஷயமாக மதுரைக்குப் பல முறை போனேன். மானாமதுரை ஜங்ஷனில் ரயில் நிற்கும். அம்மாச்சி வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. பிளாட்பாரத்தில் இறங்கி நின்று, வெளியே பானைக் கடைகளைத் தாண்டிப் போகும் அந்தத் தெருவைப் பார்ப்பேன். விசில் ஊதியதும் ஏறிவிடுவேன். அப்படிப் பதினோரு முறை. உனக்கென்று வாங்கிய பால்கோவாவை இரண்டு தடவை கேங்மேன்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர், வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டால், அத்தைக்கு உடம்பு சரியில்லை, ஊரில் இருக்கிறார்கள் என்பேன். பொங்கலன்று நீ, அவர் தூங்குகிறார் என்றாயே, அதே குரல். எனக்கு அது தெரியாதா?

கடைசியில் உன் பெரிய மாமாதான் கொண்டுவந்து விட்டார். வா என்றுகூட நான் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். அதைப் பற்றி இன்று வரை நாங்கள் பேசியதில்லை. கன்னியாகுமரிக்கும் போகவில்லை. போகலாமா என்று நான் கேட்கவும் இல்லை, அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை.

எங்கள் விசா 2029 வரை செல்லும். எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று போன வருடம் சொன்னது சும்மா. ஒத்துக்கொள்ளும். அம்மாவின் முழங்காலுக்கு விமானத்தில் ஓரத்து இருக்கை போட வேண்டும், அவ்வளவுதான். நீ இங்கே வருவதானாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உன் அறையில் வைத்திருந்த அரிசி மூட்டையை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை பேசுவதானால் என் எண்ணுக்குப் பேசட்டும், நான் கோபமாக இல்லை என்று சொல். பெட்ரோல் விஷயத்தை மறந்துவிடாதே. பனியில் டயரில் காற்று குறையும், வாரம் ஒரு முறை பார்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று இரண்டு முறை படித்தாள். கிழிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "கார்த்திகை மாதம் ஒரு நாள், தூணுக்குப் பின்னால் நின்று டீ குடித்தீர்கள். நானும் பாப்பாவும் வெளியே பானைக் கடையில்தான் இருந்தோம். ரயில் போகிறவரைக்கும் அவளை அந்தப் பக்கம் திரும்ப விடவில்லை" என்றாள். தபால் பெட்டி நான்கரைக்கு எடுப்பார்கள், சீக்கிரம் போங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.