பெருக்கிக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, வணக்கம்.

பதினான்கு மாதங்களாக என் மேசையை அடைத்துக்கொண்டிருந்த அகலப்பட்டை ஆர்எஃப் பெருக்கி (பல அதிர்வெண்களில் வானொலி அலையின் வலுவைக் கூட்டும் கருவி), சென்ற வாரம் 1.8 மெகாஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் 20 வாட்டுக்குக் குறையாமல் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் சோதனைச் சுமை) இயங்கியது. இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டுகளை (ஒருவகை டிரான்சிஸ்டர்) 24 வோல்ட்டில் புஷ்-புல் முறையில், அதாவது அலையின் ஒவ்வொரு பாதியை ஒவ்வொன்று சுமக்கும்படி, இணைத்த எளிய சுற்றுதான் என்றாலும், தனியாக அதை நான் முடித்திருக்க மாட்டேன்.

முதல் நன்றி, என் பலகையின் புகைப்படத்தைப் பார்த்தே நோயைச் சொன்ன நண்பருக்கு. மாஸ்ஃபெட்டின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை அமைக்கும் பயாஸ் திருகை மயிரிழை திருப்பினால் போதும், 100 மில்லி ஆம்பியரில் நின்ற முள் 3 ஆம்பியருக்குத் தாவும். அடுத்த நொடி மாஸ்ஃபெட் போய்விடும். ஐந்து சோடிகளை இப்படி இழந்தபின்தான் அவரிடம் கேட்டேன். "உள்ளீடே தராதபோது வெளியீட்டில் என்ன தெரிகிறது?" என்று திருப்பிக் கேட்டார். அலைநோக்கியில் 70 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று கம்பீரமாக நின்றது! மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களில் ஒன்றான சோர்ஸ் காலை நான் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டிருந்தேன். அதன் மின்தூண்டல் ஏறத்தாழ 20 நானோஹென்றி; 30 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 4 ஓம் எதிர்ப்பு. "சுற்றுப்படத்தில் கோடாகத் தெரிவதெல்லாம் உங்கள் பலகையில் சுருள்" என்றார். கால்களை ஒட்ட வெட்டி, உள்ளீட்டுக் காலான 'கேட்'டை ஒட்டியே 4.7 ஓம் மின்தடைகளை வைத்ததும் அலைவு அடங்கியது.

கணினி மின்வழங்கியிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையத்தில் வெளியீட்டு மின்மாற்றியைச் சுற்றியிருந்த என்னைக் கடிந்துகொள்ளாமல், 43 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) கருக்களை அனுப்பிவைத்த நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன். கருக்களோடு அரைப்பக்கக் கணக்கும் வந்தது: வெளியீட்டுக் காலான டிரெயின் பக்கத்து மின்மறுப்பு 12.5 ஓம் என்றால், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் சுருளின் எதிர்ப்பு அதைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும், 1.8 மெகாஹெர்ட்ஸில் அதற்குச் சுமார் 4.4 மைக்ரோஹென்றி தேவை. நான் அதுவரை 30 மெகாஹெர்ட்ஸ் முனையை எண்ணியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஹீட் சிங்க்கைத் துளையிட்டு மட்டப்படுத்தித் தந்தவருக்கும், எரிந்த வாடையைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் என் வணக்கம்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் என்று காட்டும் அலைமாலை ஆய்வுக் கருவியைக் கொண்டுவந்தவர், வடிகட்டி இல்லாமல் ஆன்டெனாவை இணைக்கவே கூடாது என்று தடுத்தபோது எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. புஷ்-புல் அமைப்பு இரட்டைப்படை ஒத்திசைகளை (முதன்மை அதிர்வெண்ணின் இரட்டை மடங்குகளில் எழும் அலைகளை) மட்டும்தான் அடக்கும். மூன்றாவது ஒத்திசை முதன்மை அலைக்கு 13 டெசிபல் மட்டுமே கீழே நின்றது. அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் 20 வாட் அனுப்பும்போது 21 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு வாட் போய்க்கொண்டிருந்திருக்கும். இப்போது ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியே, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் கடத்தும் வடிகட்டி அமைத்துவிட்டேன்.

அவர் விட்டுச்சென்ற அலையின் வலுவைக் குறைக்கும் 30 டெசிபல் அட்டென்யூவேட்டர் இன்னும் என்னிடமே இருக்கிறது. இரு தொனிகளை ஒன்றாகச் செலுத்தி உருக்குலைவை அளக்கும் இரட்டைத் தொனிச் சோதனை முடிந்ததும் அனுப்பிவிடுகிறேன்; அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்