சோம்பேறிகள் சார்பில் ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மகளிர் பக்கத்தில், ஆப் மூலம் சாப்பாடு வாங்குவது பற்றிய தொடர் கட்டுரையைப் படித்தேன். "பெண்களுக்கு அடுப்பு மூட்டவும் சோம்பல், அதனால்தான் ஆப்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். அவருக்கு வேளாவேளைக்குத் தட்டு நிறைந்துவிடுகிறது போலிருக்கிறது. சந்தோஷம்.

நான் மருத்துவமனையில் ஷிப்ட் பார்ப்பவள். ராத்திரியில் ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குள் நுழைந்தால் எத்தனை தலை திரும்பும் என்று தங்களுக்குத் தெரியும். "ஒருத்தர்தான்" என்றால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைதான். சரி, பார்சல் வாங்கலாம் என்று நின்றால், பின்னால் வந்தவர் "மாஸ்டர், நாலு பரோட்டா" என்று குரல் கொடுத்து முன்னால் வாங்கிப் போவார். போன் செய்தால் "லைன்ல இருங்க" என்பார்கள், அவ்வளவுதான். அப்படியே கொடுத்தனுப்பினாலும், பிள்ளையார் கோயில் தாண்டி இரண்டாவது சந்து என்று வழி சொல்லி முடிக்கும்போது, வந்த பையனிடம் சில்லறை இருக்காது. ஆப்பில் விலை முன்கூட்டியே தெரிகிறது, பச்சைப் புள்ளி பார்த்துச் சைவம் எடுக்கலாம், வண்டி எங்கே வருகிறது என்றும் தெரிகிறது. ஊரில் காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்குச் சென்னையிலிருந்தே இட்லி அனுப்பினேன். தம்பி அதே ஊரில்தான் இருக்கிறான். அவனைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

ஆப்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் நம்மிடம் தனியாகப் பிடிக்கும் பிளாட்பார்ம் கட்டணம் 2023-இல் 2 ரூபாய் என்று நுழைந்து பத்தைத் தாண்டிவிட்டது. ஓட்டலில் ஒரு விலை, ஆப்பில் ஒரு விலை. ஆப்கள் பிடிக்கும் கமிஷன் கட்டுப்படியாகாமல் 2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல்காரர்கள் ஆப்களுக்குச் சாப்பாடு கொடுப்பதையே நிறுத்தினார்கள். தாங்கள் அறியாததல்ல. கோபப்பட இவ்வளவு இருக்க, கட்டுரையாளர் கண்ணில் பட்டது எங்கள் அடுப்பு மட்டும்தான்.

பாக்கெட் மாவு வாங்கும் மருமகளைக் கிண்டல் செய்து முன்பு ஒரு துணுக்கு போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதம் வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். தீபாவளி மலரில் பலகாரக் குறிப்புகளுக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். இந்தத் தொடரின் அடுத்த பகுதியை மகளிர் பக்கத்திலிருந்து எடுத்துப் பொதுப் பக்கத்தில் போடுங்கள். ஆண்களுக்கும் பசிக்கும் என்று கேள்வி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தாம்பரம்