காசில் இல்லாத தாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருந்ததால் எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்றிருந்தார்கள்; மகள்தான் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். நேற்றுதான் புதுக் கண்ணாடி வந்தது, முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன். உன் பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சீசரின் வாழ்க்கை வரலாற்றை முடித்துவிட்டதாகவும், ரோம் பற்றி அடுத்து என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். "நாவல் மட்டும் வேண்டாம், கட்டுக்கதை வாசிக்கும் வயது போய்விட்டது" என்று சேர்த்திருந்தாய். விடுதி அறையிலும் நீ இதையேதான் சொல்வாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று இருக்கிறது.

1528இல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. காலியா என்ற அன்றைய பிரான்ஸ் பகுதியின் பெரிய மனிதர்களும் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் உட்காரலாம் என்று வாதிட்டு, கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் ஆற்றிய உரை அதில் வெட்டப்பட்டிருக்கிறது. அதே உரையை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் தன் நூலில் தருகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார். டாசிட்டஸின் கிளாடியஸ் சுருக்கமாக, கோவையாக, அரசியல் அறிந்தவராகப் பேசுகிறார். பலகையில் இருப்பவர் ரோமின் பழைய அரசர்களைப் பற்றி ஆரம்பித்து, ரோமுக்கு முன்பே இத்தாலியில் ஓங்கியிருந்த எட்ருஸ்கர் கதைக்குள் புகுந்து, எங்கெங்கோ அலைகிறார். நடுவில் ஓர் இடத்தில், "திபேரியஸ் சீசர் ஜெர்மானிக்கஸ், உன் பேச்சு எங்கே போகிறது என்று அவையோருக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது" என்று தன் பெயரையே சொல்லித் தன்னை நிறுத்திக்கொள்கிறார். யாரோ உறுப்பினர் குறுக்கிட்ட சொல் அது என்பாரும் உண்டு. எப்படியானாலும், அந்த ஒரு வரியில் அந்த மனிதர் எனக்குத் தெரிந்துவிட்டார். திக்குவாயும் தள்ளாடும் நடையுமாக வளர்ந்து, பெற்ற தாயே இகழ்ந்து பேசிய பிள்ளை. எட்ருஸ்கர் வரலாற்றை இருபது சுருள்களில் எழுதிய அறிஞர்.

ஆகவே வரலாற்றாசிரியரே உரையைப் புதிதாக எழுதித்தான் தந்திருக்கிறார். நாவலாசிரியன் அதே வேலையைச் செய்துவிட்டு, இது நாவல் என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறான். கிளாடியஸ் தன் வரலாற்றையும் எட்டுச் சுருள்களில் எழுதினார் என்று பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் குறிக்கிறார். ஒரு வரிகூட மிஞ்சவில்லை. 1934இல் ராபர்ட் கிரேவ்ஸ் 'நான், கிளாடியஸ்' நாவலை அந்தக் காணாமற்போன நூலின் இடத்தில்தான் கொண்டுபோய் வைத்தார்.

ஆனால் நான் உனக்குத் தரப்போவது அது இல்லை. ஜான் வில்லியம்ஸ் 1972இல் எழுதிய 'அகஸ்டஸ்'. முழுவதும் கடிதங்கள், நாட்குறிப்புகள், நினைவுக் குறிப்புகள். எல்லோரும் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் தாமாகப் பேசுவது கடைசியில்தான். இருபத்தைந்து வயதில் படித்தபோது போர்களையும் சூழ்ச்சிகளையும் தேடிப் பக்கங்களைத் தள்ளினேன். சென்ற ஆண்டு மறுபடி படித்தபோது, மகளைப் பெற்றவனாக, யூலியாவின் பக்கங்களில் நின்றுவிட்டேன்.

அவளைப் பற்றி ஏடுகள் சொல்வது கொஞ்சம்தான். அகஸ்டஸின் ஒரே மகள். பதினான்கு வயதில் முதல் திருமணம். அந்தக் கணவன் இறந்ததும் தந்தையின் தளபதியும் அவர் வயதையொத்தவருமான அக்ரிப்பாவுக்கு. அவரும் இறந்ததும் தந்தையின் மனைவியுடைய மகன் திபேரியஸுக்கு. ஆட்சி யாருக்குப் போக வேண்டும் என்று தந்தை நினைத்தாரோ அவர் வீட்டுக்கு அவள் போனாள். கி.மு. 2இல் ஒழுக்கம் தவறினாள் என்று குற்றம் சாட்டி, தாமே கொண்டுவந்த சட்டத்தின் பெயரால், பந்தத்தேரியா என்ற சிறு தீவுக்கு அனுப்பினார். அவையில் நேரில் சொல்ல வெட்கப்பட்டு, எழுதிக்கொடுத்து வாசிக்கச் செய்தார். மது கூடாது, அனுமதியின்றி எந்த ஆணும் அணுகக் கூடாது. விவாகரத்தாகிப் பல ஆண்டுகளான அவள் தாய் ஸ்கிரிபோனியா தானாக முன்வந்து உடன் போனாள். யூலியாவின் பணிப்பெண் ஃபீபி தூக்கிட்டுக்கொண்டபோது, "நான் ஃபீபியின் தந்தையாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்" என்றார் அகஸ்டஸ். அந்தச் சொல்லை என்னால் தாண்ட முடியவில்லை.

வரலாற்று நூல் இங்கே நின்றுவிடுகிறது, நிற்கவும் வேண்டும். அவள் எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. வில்லியம்ஸ் அந்தத் தீவில் அவள் கையில் ஒரு நாட்குறிப்பைக் கொடுக்கிறார். அதில் அவள் புலம்பவில்லை. தன் வாழ்க்கையை அலசிப் பார்க்கிறாள், தந்தையையும் புரிந்துகொள்கிறாள். இதைக் கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, இது நம் மண் சம்பந்தப்பட்டது. கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்த அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஒருபுறம் அவர் தலை. மறுபுறம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள், காயுஸ், லூசியஸ். இருவரும் யூலியா பெற்ற பிள்ளைகள், தாத்தா தத்தெடுத்துக்கொண்டவர்கள். 'அகஸ்டஸின் புதல்வர்கள்' என்று சுற்றிலும் எழுத்து. இந்தக் காசு லியோனில், அன்றைய லுக்டுனும் நகரில், கி.மு. 2ஐ ஒட்டி அச்சடிக்கப்படத் தொடங்கியது. அவள் தீவுக்குப் போன அதே காலம். பிள்ளைகளின் உருவம் கடல் கடந்து மிளகு விளையும் நாடுவரை வந்தது. பெற்றவள் பெயர் அதில் இல்லை. இளையவன் கி.பி. 2இலும் மூத்தவன் கி.பி. 4இலும் இறந்தார்கள். அவள் அதற்குப் பின்னும் பத்தாண்டு உயிரோடிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். நாவலைப் படித்திராவிட்டால் இரண்டு பையன்களைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பேன்.

வாழ்க்கை வரலாறுதான் வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தால், சீசர் காலத்து ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களிலிருந்து தொடங்கு. மகள் துல்லியா கி.மு. 45இல் இறந்த பிறகு, காலையில் அடர்ந்த காட்டுக்குள் புகுந்தால் மாலைவரை வெளியே வருவதில்லை என்று நண்பர் அட்டிகஸுக்கு எழுதுகிறார். நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அந்த ஒரு நண்பருக்கு. அட்டிகஸ் எழுதிய பதில்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அவர் என்ன சொல்லித் தேற்றியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உன் பழைய கடிதங்கள் எல்லாம் என் தகரப் பெட்டியில் இருக்கின்றன; என்னுடையவை உன்னிடம் இருக்கின்றனவா? தை பிறந்ததும் அங்கு வருகிறேன், 'அகஸ்டஸ்' பையில் இருக்கும். வழக்கம்போலக் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டிவிடாதே. யூலியா பேசி முடித்த பிறகு அவர் பேசட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்